கொழுந்து வாய் திறந்த நாள்

மரமும் தண்ணீரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் வேருக்கு ஒரே ஒரு வேலைதான். மரம் சாயாமல் மண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மழையையும் பனியையும் இலைகள் நேராக வாயில் வாங்கிக் குடித்துவிடும். வேர் என்று ஒருத்தி கீழே கிடக்கிறாள் என்ற நினைப்பே அவற்றுக்குக் கிடையாது.

ஓடைக்கரையில் ஓர் இலுப்பை மரம் இருந்தது. அதன் ஆணிவேருக்குப் பெயர் வேராயி. அந்த வருசம் மழையும் இல்லை, பனியும் இல்லை. ஓடை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா மர உச்சியில் செம்பு நிறத்தில் ஒரு கொழுந்து பிறக்க வேண்டும்! பிள்ளை முகத்தை வேராயி பார்த்ததே இல்லை. தண்டு வழியாக அழுகை மட்டும் இறங்கி வரும்.

"அம்மா, நாக்கு ஒட்டுதும்மா."

வேராயிக்குப் பொறுக்கவில்லை. கல்லைச் சுற்றினாள். பாறை இடுக்கில் நுழைந்தாள். தோல் உரிய உரிய இறங்கினாள். பத்தாம் நாள் நுனி சில்லென்றது. தண்ணீர்!

"ஆத்தா, என் பிள்ளைகிட்ட வாங்களேன்" என்று கெஞ்சினாள்.

சொட்டுகள் சிரித்தார்கள். "நாங்க எங்க போனாலும் கையைக் கோத்துக்கிட்டுத்தான் போவோம். ஒருத்தி வந்தா அத்தனை பேரும் வருவோம். உன் வீட்டுல இடம் பத்துமா?"

"நெருக்கிக்கிட்டு வாங்க தாயி!"

மரத்துக்குள்ளே மயிரிழை மாதிரி குழாய்கள் இருந்தன. அவற்றின் சுவரைப் பற்றிக்கொண்டு, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு சொட்டுகள் ஏறினார்கள். வேராயி மூச்சுப் பிடித்துக் கீழேயிருந்து தள்ளினாள். வரிசை இலைக்காம்பு வரைக்கும் போய் நின்றுவிட்டது.

"ஏன் நின்னுட்டீங்க?"

"மேலே வழியில்ல. எல்லா இலையும் கடைசிச் சொட்டை வாயில அடக்கி இறுக்கி மூடியிருக்கு. அது வெளியே போனாத்தானே நாங்க உள்ளே போக முடியும்? சீக்கிரம் ஏதாவது பண்ணு, கை வழுக்குது."

வேராயி கத்தினாள். "வாயைத் திறங்க! இருக்கிறதை வெயிலுக்குக் கொடுங்க!"

பழுப்பன் என்ற மூத்த இலை உதட்டைப் பிரிக்காமலே முனகினான். "இருக்கிற ஒரு சொட்டையும் விட்டுட்டுச் சாகவா? மண்ணுக்குள்ள கிடந்து கிடந்து இவ மூளையும் மண்ணாப் போச்சு."

மற்ற இலைகள் மூக்கால் சிரித்தன.

இனிக் கேட்பதற்குக் கொழுந்துதான் மிச்சம். அதனிடம் இருந்ததும் ஒரே சொட்டு. அதைக் கொடுக்கச் சொல்லி, கீழே இருப்பவர்கள் கை நழுவிவிட்டால்? பெற்றவளே பிள்ளையைக் கொன்ற மாதிரி ஆகிவிடாதா? ஆனாலும் கேட்டாள்.

"கண்ணு, அதை விட்டுரு."

"விட்டா வேற வருமாம்மா?"

"வரும்னுதான் நினைக்கிறேன்டா. அம்மா கீழே பிடிச்சிருக்கேன்."

கொழுந்து வாயைத் திறந்தது. வெயில் அந்தச் சொட்டை உறிஞ்சியது. போகிறவள் சும்மா போவாளா? பின்னால் நின்றவளைக் கையோடு இழுத்துவிட்டுப் போனாள். அவள் அடுத்தவளை இழுத்தாள், அவள் அதற்கடுத்தவளை. காம்பு, கிளை, தண்டு என்று வேராயியின் நுனி வரைக்கும் ஒரே இழுப்பு! தள்ளித் தள்ளிக் களைத்தவளுக்கு இப்போது தள்ள வேண்டிய வேலையே இல்லை. தண்ணீர் தானாக விறுவிறுவென்று ஏறியது.

"அம்மா, குளுகுளுன்னு இருக்கும்மா!" கொழுந்து சுருள் பிரிந்து விரிந்தது.

"எனக்கும் கொஞ்சம்" என்று பழுப்பன் இளித்தான்.

"முதல்ல நீ கொடு மாமா" என்றார்கள் சொட்டுகள்.

பழுப்பன் வாயைப் பிளந்தான். பிறகு கேட்கவா வேண்டும்? ஆயிரம் இலையும் ஒன்றாக வாய் திறந்தன. காய்ந்த கரையில் அந்த ஒரு மரம் மட்டும் பளபளவென்று நின்றது. பக்கத்து மருதும் புளியும் பார்த்துவிட்டு, "எப்படிடி, எங்களுக்கும் சொல்லு" என்று வேராயியைத்தான் கேட்டன.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இது. உச்சி இலை வெயிலுக்கு ஒரு சொட்டுக் கொடுத்தால், அடி வேர் மண்ணிலிருந்து ஒரு சொட்டு எடுக்கிறது. நடுவில் இருப்பவர்கள் இன்னும் கையை விடவில்லை.