சரணம் சொல்லும் ஆப்

"எந்த ஆப் நல்லது குருசாமி?"

கேட்டவர் தணிகாசலம். திண்டுக்கல்லில் ஒரு நூல் மில்லின் பர்ச்சேஸ் மேனேஜர். அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர். சபரிமலைக்கு இந்தக் கார்த்திகையில்தான் முதல்முறையாக மாலை போட்டிருந்தார். ஆகவே குழுவில் அவர் கன்னிசாமி.

குருசாமியின் பெயர் முகுந்தன். பல் டாக்டர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் நடக்கத் தெரியாத வயதிலேயே அப்பாவின் தோளில் உட்கார்ந்து மலைக்குப் போக ஆரம்பித்தவர். மலை ஏறிய வருடங்களைத்தான் அங்கே வயதாகக் கணக்கில் எடுப்பார்கள். அப்படிப் பார்த்தால் தணிகாசலம் கைக்குழந்தை.

கறுப்பு வேட்டிக்கு மேல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, செருப்பில்லாத காலோடு, குருசாமி ஒருவருடைய கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார்.

"எதுக்கு ஆப் சாமி?"

"பாட்டுப் போடறதுக்கு. மொபைல்ல தேடினா வந்து கொட்டுது. எல்லாத்துக்கும் நாலரை ஸ்டார். மில்லுக்கு ஒரு பேரிங் வாங்கணும்னாலே நான் மூணு கொட்டேஷன் கேட்பேன். இதுல யாரை நம்பறது?"

"என்ன பாட்டு?"

தணிகாசலம் தயங்கினார். நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தவரை ஒருமுறை பார்த்தார். அந்த ஆளால் இப்போதைக்கு யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"பாட்டு இல்லை. சரணம். எங்க வீட்டுக் கன்னி பூஜைக்கு."

குருசாமி இயந்திரத்தை நிறுத்தினார்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கன்னிசாமி தன் வீட்டில் பூஜை வைத்து எல்லோருக்கும் சோறு போட வேண்டும். அதற்கு முன்னால், சுவாமியின் ஒவ்வொரு பெயராக அவர் வாய்விட்டு அழைக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் மற்றவர்கள் 'சரணம் ஐயப்பா' என்று சொல்வார்கள். சரணம் சொன்னவர் முதல் கவளம் எடுத்தபிறகுதான் மற்றவர்கள் இலையில் கை வைப்பார்கள். சரணம் சொல்லாத கன்னிசாமிக்கு இருமுடி கட்டுவதில்லை. இருமுடி இல்லாமல் பதினெட்டாம் படி ஏற முடியாது.

தணிகாசலத்துக்கு மலைக்குப் போயே ஆக வேண்டும். அவர் மனைவி பவளக்கொடிக்குப் போன வருடம் இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆபரேஷன் தியேட்டரின் கதவு மூடியபோது, அதுவரை சாமி பக்கமே அதிகம் தலைவைக்காத மனிதர், இவள் பிழைத்தால் மாலை போட்டு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். அவள் பிழைத்துக்கொண்டாள். இப்போது வீட்டில் அவரை அதட்டும் அளவுக்குத் தெம்பாகவும் இருக்கிறாள்.

விரதம் அவருக்குச் சிரமமாக இல்லை. பச்சைத் தண்ணீர்க் குளியல், தரையில் படுக்கை, எல்லாம் பழகிவிட்டது. சரணம் சொல்வதுதான் தொண்டையில் நின்றது. ஏழாம் வகுப்பில் பள்ளி ஆண்டு விழாவில் கடவுள் வாழ்த்துப் பாடப்போய், இரண்டாவது வரியில் குரல் கீச்சென்று உடைந்து, பந்தலே சிரித்தது. அதற்கப்புறம் அவர் குளியலறையில்கூடப் பாடியதில்லை. மில்லில் மீட்டிங் என்றால் ஈமெயில் அனுப்பிவிடுவார்.

"மொபைல்ல போட்டா சரணம் சொன்னதா ஆகுமா குருசாமி?"

"போட்டுப் பாருங்க சாமி" என்றார் குருசாமி. பிறகு, "நல்லா வாய் கொப்பளிங்க" என்றார். அது நாற்காலியில் இருந்தவருக்கு.

தணிகாசலம் உற்சாகமாகிவிட்டார். தேர்ந்தெடுக்கிற வேலை என்று வந்துவிட்டால் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

சில நாள் கழித்து முதல் ஆப்போடு வந்தார். கிளினிக்கில் நல்ல கூட்டம். பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டோக்கன் கொடுக்கும் ஜெசிந்தாவின் மேஜையில் போனை வைத்து சரணத்தைப் போட்டார்.

கணீரென்று ஒரு குரல் அழைத்தது. வலியிலும் இரண்டு மூன்று பேர் பதில் சொன்னார்கள். ஜெசிந்தாவும் டோக்கனைக் கிழித்தபடியே சொன்னாள். தணிகாசலம் பெருமையோடு உள்ளே எட்டிப் பார்த்தார். அப்போது போனிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"மூட்டு வலியா?"

"சரணம் ஐயப்பா" என்றது வரிசை.

தணிகாசலம் பாய்ந்து போனை அணைத்தார். காது சிவந்துவிட்டது.

"விளம்பரம் குருசாமி. இலவச ஆப் இல்லையா, அப்படித்தான் நடுவுல புகுந்திடும். இது தேறாது."

"யாரும் தப்பா ஒண்ணும் சொல்லலையே சாமி. கூப்பிட்டாங்க, பதில் சொன்னாங்க."

"மூட்டு வலிக்கா?"

"வலிக்கிறவங்க சொல்லட்டுமே" என்று குருசாமி அடுத்தவரை உள்ளே அழைத்தார்.

அடுத்த ஆப்பில் விளம்பரம் இல்லை. ஆனால் அதற்கு இன்டர்நெட் ஓயாமல் வேண்டும். கொஞ்சம் சிக்னல் குறைந்தாலும் பாதி சரணத்தில் நின்று ஒரு வட்டம் சுற்றத் தொடங்கும். அதற்கடுத்த ஆப், அழைப்பு ஏதும் வந்தால் பாட்டை நிறுத்திவிட்டு, பேசி முடித்ததும் வேறு எங்கிருந்தோ ஆரம்பித்தது. இன்னொன்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பாட்டு முடிந்ததும், அவர் கேட்காமலேயே ஒரு குத்துப்பாட்டை எடுத்துவிட்டது. பூஜையறையில் அதைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, பவளக்கொடி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

"சரணம்."

"இதுவா?"

"ஆப் பார்த்துட்டு இருக்கேன்."

"சாமி கும்பிட எதுக்கு ஆப்பு? வாயைத் திறந்தா வரப்போகுது."

"உனக்குத் தெரியாதா? என் குரல் லட்சணம்?"

பவளக்கொடி கரண்டியை இறக்கினாள். "முப்பது வருஷமா குடும்பம் நடத்துறேன். நீங்க பாடி நான் எங்கே கேட்டேன்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கடைசியில் தணிகாசலத்துக்கு ஒன்று அமைந்தது. பாட்டைப் போனிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். விளம்பரம் கிடையாது. ஈக்வலைசர் உண்டு. சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதைக்கூட நாமே வைத்துக்கொள்ளலாம். அதோடு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரும் வாங்கினார். கிளினிக் மூடும் நேரத்தில் வந்து எல்லாவற்றையும் விளக்கினார். அப்போது அவர் முகத்தைப் பார்த்திருந்தால், மில்லுக்கே புது மெஷின் வாங்கிவிட்டார் என்று நினைத்திருப்பீர்கள்.

"இதுல ஒரு குறையும் இல்லையா சாமி?"

"இல்லை குருசாமி. நிக்காது, திக்காது, தொண்டை கட்டாது, உடையாது."

"சரி."

குருசாமி கை கழுவினார். துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஒருத்தருக்குப் பல்செட் கட்டிக் கொடுத்தேன். நிறம் சரியில்லைன்னு திரும்பத் திரும்ப மாத்தி வாங்கினார். கடைசியா ரொம்பப் பிடிச்சுப் போச்சு. போன மாசம் ஒரு கல்யாணத்துல பார்த்தேன். பந்தியில இலை போட்டதும், பல்செட்டைக் கழட்டிச் சட்டைப்பையில வச்சுக்கிட்டார்."

"ஏன்?"

"சாப்பிட்டா தேய்ஞ்சு போயிடுமாம்."

தணிகாசலம் விழுந்து விழுந்து சிரித்தார். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று வியந்தார். சிரித்தபடியே வண்டியைக் கிளப்பி வீட்டுக்குப் போனார். பாவம், அவருக்கு அது பல்செட் கதையாகத்தான் கேட்டது.

கன்னி பூஜை ஞாயிற்றுக்கிழமை பகலில். ஹாலில் இருந்த சோபாவையெல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டு ஜமக்காளம் விரித்திருந்தார்கள். படத்துக்கு மாலை, குத்துவிளக்கு, சாம்பிராணிப் புகை. கறுப்பும் நீலமுமாக சாமிகள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் அடுப்படி வாசலில் நின்றார்கள். படத்துக்குப் பக்கத்தில், அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, ஸ்பீக்கர் இருந்தது.

"ஆரம்பிக்கலாமா சாமி?" என்றார் குருசாமி.

தணிகாசலம் போனைத் தொட்டார்.

கணீர்க் குரல் அழைத்தது. 'சரணம் ஐயப்பா' என்று பதில் வந்தது. ஹாலிலிருந்து வந்த பதிலைவிட ஸ்பீக்கரிலிருந்து வந்த பதில் பெரிதாக இருந்தது. ஒலிப்பதிவு செய்தவர்களே ஒரு கூட்டத்தை வைத்துப் பதிலும் சொல்லியிருந்தார்கள். மிருதங்கம் இருந்தது, சலங்கை இருந்தது. ஒரு பிசிறு கிடையாது. இத்தனை நாள் சோதித்த தணிகாசலம், கேட்கிறவர்கள் பக்கமிருந்து அதை ஒருநாளும் சோதிக்கவில்லை.

சாமிகள் கொஞ்ச நேரம் கூடவே சொல்லிப் பார்த்தார்கள். வயதானவர்கள் மூச்சு வாங்கிப் பின்தங்கினார்கள். அவர்கள் ஒரு சரணத்தை முடிப்பதற்குள் ஸ்பீக்கர் அடுத்த பெயருக்குப் போய்விட்டது. ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். ஒருவர் தொடையில் தாளம் போட்டார். ஒருவர் கொட்டாவி விட்டார்.

முடிந்ததும் பின்வரிசையில் ஒரு சாமி கை தட்டினார். தட்டிய பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது நினைவு வந்து கையை மடியில் வைத்துக்கொண்டார்.

கற்பூரம் காட்டினார்கள். இலை போட்டார்கள். தணிகாசலத்துக்கு உயிர் வந்தது. ஒருவழியாக முடிந்தது என்று, முதல் இலையில் போய் உட்காரக் குனிந்தார்.

"சாமி, அது உங்க இலை இல்லை" என்றார் குருசாமி.

குருசாமி எழுந்து ஸ்பீக்கரைக் கொண்டுவந்து அந்த இலைக்கு முன்னால் வைத்தார். சோறு வைத்தார். சாம்பார், பூசணிக் கூட்டு, வடை, அப்பளம், பாயசம், ஒன்றும் விடாமல் பரிமாறினார். பிறகு தன் இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

சோற்றிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"குருசாமி, சுகர் மாத்திரை போட்டுட்டேன்" என்று ஒரு பெரியவர் மெல்லச் சொன்னார்.

"முதல் இலை இன்னும் கை வைக்கலையே சாமி."

பவளக்கொடியால் தாங்க முடியவில்லை. "அது எப்படிங்க சாமி சாப்பிடும்?"

"தெரியலைங்கம்மா. சரணம் சொன்னது அவர்தான். அவரை விட்டுட்டு நாங்க சாப்பிடறது முறையில்லை."

தணிகாசலத்துக்குக் கோபம் வந்தது. "நீங்கதானே குருசாமி போட்டுப் பாருங்கன்னு சொன்னீங்க?"

"ஆமா. போட்டோம், பார்த்தோம்."

"நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு சாமி. கைகூடத் தட்டினாங்க."

தணிகாசலம் நின்றுகொண்டே இருந்தார். ஸ்பீக்கருக்கு முன்னால் ஆறிக்கொண்டிருக்கும் சோற்றைப் பார்த்தார். பசியோடு காத்திருக்கும் பெரியவரைப் பார்த்தார். அடுப்படி வாசலில் பவளக்கொடி நின்றாள். ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடும்போது அவர் வேண்டிக்கொண்டதும் சத்தமில்லாமல்தான். அது நினைவுக்கு வந்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

குனிந்து ஸ்பீக்கரை எடுத்து ஜன்னல் ஓரமாக வைத்தார். படத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"சாமியே..."

இரண்டாவது எழுத்திலேயே குரல் உடைந்தது. ஏழாம் வகுப்பில் கேட்ட அதே கீச்சு. அவர் வாயை மூடப்போனார். மூட விடவில்லை.

"சரணம் ஐயப்பா!"

இலைகளுக்கு முன்னால் இருந்த அத்தனை பேரும் ஒரே மூச்சாகச் சொன்னார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அடுத்த பெயரைச் சொல்லியாக வேண்டும். சொன்னார். மறுபடி வந்தது. பெரியவருக்கு மூச்சு வாங்கியபோது அவர் காத்திருந்தார். பெரியவர் முடித்ததும் அடுத்ததை எடுத்தார். நடுவில் ஒரு பெயரை இரண்டு முறை சொல்லிவிட்டார். அவர்களும் இரண்டு முறை பதில் சொன்னார்கள். அடுப்படிப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் எல்லோரையும் தாண்டி வந்தது. அந்த நெஞ்சு இவ்வளவு சத்தம் தாங்குமா என்று அவருக்குப் பதறியது. தாங்கியது. அவருக்குக் கண்ணீர் வந்தது. துடைக்க நேரமில்லாமல் அடுத்த பெயரைச் சொன்னார்.

முடித்தபோது அப்பளம் நமத்துப்போயிருந்தது. தணிகாசலம் முதல் இலையில் உட்கார்ந்து ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். அடுத்த நொடி ஹாலில் பேச்சே இல்லை. அவ்வளவு பசி.

எல்லோரும் போனபிறகு, கொல்லைக் குழாயில் குருசாமி கை கழுவிக்கொண்டிருந்தார். தணிகாசலம் பக்கத்தில் வந்து துண்டை நீட்டினார்.

"புதன்கிழமை இருமுடி கட்டிடலாம் சாமி. காலையிலயே வந்துடுங்க."

தணிகாசலம் தலையாட்டினார். ஆனால் நகரவில்லை.

"குருசாமி, குரல் உடைஞ்சு போச்சு."

"எப்ப?"

"முதல் சரணத்துலயே. அப்புறமும் நிறைய இடத்துல. எல்லாருக்கும் கேட்டிருக்கும்."

குருசாமி முகத்தையும் தாடியையும் துடைத்துவிட்டுத் துண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்குக் கேட்கலை சாமி. நான் சரணம் சொல்லிட்டு இருந்தேன்."