கட்டையின் கழுத்து

"பார்க்காம வாங்கினது என் தப்புதான், மாஸ்டர். ஆனா படத்துல அவ்வளவு அழகா இருந்த மரம், ஏன் உடைஞ்சுது?"

சௌந்தரபாண்டி அந்தச் சாக்கை மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியின் மரக்கட்டை, இரண்டு துண்டாகக் கிடந்தது.

எஸ்தர் அதைத் தொடவில்லை.

தாண்டிக்குடி மலையின் அடிவாரத்தில் இருந்தது அந்தத் துப்பாக்கிப் பயிற்சிக் கூடம். எந்திரம் வீசும் களிமண் தட்டை, பறக்கும்போதே சுட்டு உடைக்க வேண்டும். கற்றுக்கொடுப்பவர் எஸ்தர். மலைமேல் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் சௌந்தரபாண்டியைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அவருக்கு எஸ்தர் 'மாஸ்டர்'தான். அவருடைய மனைவி லோகநாயகிக்கும் அப்படித்தான்.

இருவரும் சேர்ந்துதான் பழக வந்தார்கள். கைவந்தது லோகநாயகிக்கு. தட்டு கிளம்புவதும் தெரியாது, அவள் துப்பாக்கியை உயர்த்துவதும் தெரியாது. வானத்தில் கறுப்பாய்த் தூள் சிதறும். திரும்பி இவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பாள்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் அவளுக்கென்று ஒரு நல்ல துப்பாக்கியைத் தேடினார். வெகுதூரத்து ஊரில் ஒருவர் விற்பதாகச் சொன்னார். படங்கள் வந்தன. அக்ரூட் மரம். தேன் நிறத்தின்மேல் கறுப்புப் புகை சுருண்டு சுருண்டு ஓடியதுபோல ரேகைகள். பார்த்ததும் மயங்கிவிட்டார்.

வந்து சேர்ந்த துப்பாக்கியும் படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. யாரும் ஏமாற்றவில்லை.

ஒரு காலைப் பயிற்சியில், லோகநாயகி கையில் அது முறிந்தது. கன்னத்தில் அடி. வலது கட்டைவிரல் மூட்டு விலகிவிட்டது.

அதன் பிறகு அவள் இந்தப் பக்கம் வரவில்லை.

"அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் எஸ்தர்.

"நல்லாயிருக்கா. எல்லாம் சரியாயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா துப்பாக்கின்னாலே பேச்சை மாத்திடுறா. பயம் போகல. என்மேல கோபமும் இருக்கும்."

எஸ்தர் அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு துண்டுகளில் பெரியதை எடுத்தார். தோளில் பதியும் அடிப்பாகம் அது. ரேகைகள் வெயிலில் மின்னின.

"இதை எவ்வளவு நேரம் பார்த்தீங்க?"

"நாள் பூரா பார்த்துக்கிட்டே இருந்தேன்."

எஸ்தர் சிறிய துண்டை எடுத்தார். கட்டை ஒடுங்கி, கைப்பிடிக்குள் அடங்கும் கழுத்துப் பகுதி. முறிந்த இடத்தில் ரேகைகள் நீளவாக்கில் ஓடவில்லை. குறுக்கே சரிந்து ஓடின.

"இதை?"

"அந்த இடத்துக்குப் படமே அனுப்பலையே."

"கேட்டீங்களா?"

சௌந்தரபாண்டி சாக்கை மடிக்கத் தொடங்கினார்.

எஸ்தர் எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு குச்சிகள். ஒன்று வெளுத்து, எந்த அழகும் இல்லாமல் இருந்தது. மற்றொன்றில் சுழி சுழியாய் வரிகள்.

"முறிங்க."

சுழி போட்ட குச்சி விரல்களுக்குள்ளேயே படக்கென்று போயிற்று. வெளுத்த குச்சியை முழங்காலில் வைத்து அழுத்தினார். வளைந்தது. நிமிர்ந்தது. அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

"புரிஞ்சுது, மாஸ்டர்."

"என்ன புரிஞ்சுது?"

"அழகா இருக்கிற மரத்தை வாங்கக் கூடாது."

எஸ்தர் குச்சியை அவர் கையிலிருந்து வாங்கி வெளியே எறிந்தார்.

"போயிட்டு வாங்க, ஐயா."

*

அறுவடை தொடங்கிவிட்டது. தோட்டத்தை விட்டு நகர முடியவில்லை. ஆனாலும் அவர் தேடுவதை விடவில்லை. இன்னொரு துப்பாக்கி கண்ணில் பட்டது. அடிக்கட்டையில் அழகு, கழுத்தில் என்னவென்று தெரியவில்லை. விற்பவரிடம் கழுத்துக்கு மேலிருந்து ஒரு படம் கேட்டார்.

"இதையெல்லாம் யாரும் கேட்கிறதில்லை சார். வேற ஆள் காத்துக்கிட்டிருக்கார். வேணுமா, வேண்டாமா?"

அவர் வேண்டாம் என்றார்.

பிறகு, இவர் துப்பாக்கி தேடுவதைக் கேள்விப்பட்டு, டேராடூனிலிருந்து ஓர் அழைப்பு. வேதமூர்த்தி என்ற ஓய்வுபெற்ற கர்னல். பட்டாளத்துக்குப் போன இடத்திலேயே தங்கிவிட்ட தஞ்சாவூர்க்காரர். தன் துப்பாக்கியைத் தமிழ்நாட்டில் யாராவது வைத்துக்கொண்டால் நல்லது என்று நினைத்தாராம்.

இவர் கேட்பதற்கு முன்பே படங்கள் வந்தன. இடப்பக்கம், வலப்பக்கம், மேலிருந்து, கீழிருந்து. இரும்பும் மரமும் சேரும் இடம். எண்ணெய் பூசி மினுக்காமல், திறந்த வெயிலில் எடுத்த படங்கள். கருப்பட்டி நிறம். கழுத்தில் ரேகைகள் வாய்க்கால் தண்ணீர்போல நேராக ஓடின. அடிப்பாகத்தில் மட்டும், போனால் போகட்டும் என்பதுபோல ஒரு சின்னச் சுழிப்பு.

ஓடோடி வந்து எஸ்தரிடம் காட்டினார்.

"எல்லாம் நல்லா இருக்கு," என்றார் எஸ்தர்.

"அப்ப வாங்கிடட்டுமா?"

"குறை என்னன்னு கேட்டீங்களா?"

"அவர்தான் ஒண்ணையும் மறைக்காம எல்லாப் பக்கமும் காட்டிட்டாரே!"

"காட்டினது மரத்தை. நான் அவர்கிட்ட கேட்கச் சொல்றேன்."

"குறையே இல்லைன்னு சொன்னா?"

"வாங்காதீங்க."

சௌந்தரபாண்டி அங்கேயே, வேப்ப மரத்தடியில் நின்றபடி கர்னலை அழைத்தார். மூத்த மனிதர். எப்படிக் கேட்பது என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

மறுமுனையில் நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது.

"கழுத்துக்குப் பின்னாடி ஒரு கோடு இருக்கு," என்றார் கர்னல். குரல் மாறியிருந்தது. "படத்துல தெரியாது. என் சம்சாரம் அதைக் கையில வச்சுக்கிட்டே மாடிப்படியில விழுந்துட்டா. அவளுக்கு ஒண்ணும் ஆகல. கட்டை மட்டும் கீறிடுச்சு. நல்ல ஆசாரி ஒருத்தர் உள்ளே ஆணி இறக்கி ஒட்டிக் கொடுத்தார். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா சுட்டிருக்கேன். அசையல."

"அம்மா இப்ப..."

"போன மழைக்காலத்துல போயிட்டா. மாரடைப்பு. அந்தக் கோட்டைச் சொன்னா அவ விழுந்ததையும் சொல்லணும். அதான் சொல்ல வரல. உங்களுக்கு வேண்டாம்னா நான் தப்பா நினைக்க மாட்டேன், தம்பி."

போனை வைத்துவிட்டு சௌந்தரபாண்டி எஸ்தரிடம் திரும்பினார்.

"விரிசல் இருக்காம், மாஸ்டர். அதுவும் கழுத்துல."

"என்ன செய்யப் போறீங்க?"

"வாங்கப் போறேன்."

"ஒரு தடவை பட்டது போதாதா?"

"வேற எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் அதுல குறை எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியாது. இதுல தெரியுது."

எஸ்தர் கும்பிடுவதுபோல ஒரு கணம் கைகூப்பினார். அவ்வளவுதான்.

*

லைசென்ஸ் வேலைகள் முடிந்து, ஆயுதக் கடை வழியாகத் துப்பாக்கி வந்து சேர்ந்தது.

எஸ்தர் கட்டையைக் கழற்றி, விரிசலையும் உள்ளே இறங்கியிருந்த ஆணியையும் நகத்தால் தடவித் தடவிப் பார்த்தார். பழைய டயர்களின் மேல் துப்பாக்கியைக் கட்டி, எட்ட நின்று கயிற்றை இழுத்துச் சுட்டார். மறுபடியும் கழற்றிப் பார்த்தார். கோடு விரியாமல் அப்படியே இருந்தது. பிறகு தன் தோளில் வைத்துச் சுட்டார். அதன் பிறகுதான் சௌந்தரபாண்டியின் கையில் கொடுத்தார்.

அவரும் சுட்டார். தட்டு ஒன்றும் உடையவில்லை. கட்டையும் உடையவில்லை.

வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் துணி விரித்து அதை வைத்தார்.

லோகநாயகி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். சேலைத் தலைப்பை வலது கையில் சுற்றிக்கொண்டாள்.

"எதுக்குங்க இன்னொண்ணு? நான்தான் வேண்டாம்னேனே."

போன முறை, 'மரத்தைப் பாரு, மரத்தைப் பாரு' என்று குழந்தைபோலக் குதித்தது அவருக்கு நினைவில் வந்தது. இந்த முறை அப்படி எதையும் சொல்ல வாய் வரவில்லை.

"இதுல ஒரு விரிசல் இருக்கு, லோகா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரிஞ்சேவா வாங்கினீங்க?"

"தெரிஞ்சுதான்."

மெல்ல நடந்து வந்தாள். அவர் இடத்தைக் காட்டினார். கர்னலின் மனைவி படியில் விழுந்ததைச் சொன்னார். ஆசாரி ஆணி இறக்கியதைச் சொன்னார். கர்னல் சொல்லாமல் விட்டதையும், பிறகு சொன்னதையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். இடது கை விரலால் அந்த மெல்லிய கோட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அதன்மேல் தடவிப் பார்த்தாள்.

"பாவம், அந்த மனுஷன்," என்றாள்.

"நீ எப்ப வரணும்னு தோணுதோ அப்ப வா. வரவே வேண்டாம்னாலும் சரி. பயமா இருந்தா..."

"பயமில்ல."

"அப்ப என்மேல கோபமா?"

"கோபமும் இல்ல."

இத்தனை மாதமாக அந்த இரண்டைத் தவிர வேறொன்றை அவர் நினைத்துப் பார்க்கவே இல்லை.

வெளியே களத்தில் காப்பிக்கொட்டையை வாரும் சத்தம் கேட்டது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அப்ப என்னன்னு சொல்லு."

லோகநாயகி சேலைத் தலைப்பைப் பிரித்தாள். வலது கையை மேசைமேல் வைத்தாள். நான்கு விரல்களும் மடங்கின. கட்டைவிரல் பாதியிலேயே நின்றது.

"டாக்டர் மூட்டு சேர்ந்துடுச்சுன்னார். நீங்க அவ்வளவு சந்தோஷப்பட்டீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?" என்றாள். "தோசைக்கரண்டி பிடிக்கவே முடியலைங்க. இதை வச்சு நான் எதைச் சுடப் போறேன்?"

சௌந்தரபாண்டி அந்தக் கையைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்தினார்.

"எந்த இடத்துல வலிக்குது?" என்று கேட்டார்.