செம்பாயி உதறிய பச்சைச் சேலை

அந்தக் காலத்தில் நட்சத்திரங்களுக்கு வாய் இருந்தது. வாய் இருந்ததால் வம்பும் இருந்தது. முட்டை வடிவில் ஒரு நட்சத்திர ஊர். ஒழுங்காகச் சுற்றிவரும் பழக்கமெல்லாம் அங்கே கிடையாது. ஆளாளுக்கு இஷ்டப்பட்ட திசையில் பறப்பார்கள். அந்த ஊரின் கடைக்கோடியில் செம்பாயி என்ற கிழட்டுச் சிவப்பு நட்சத்திரமும் அவள் தம்பி வெயிலுமுத்துவும் இருந்தார்கள்.

எரிகிறவர்களை மட்டுமே ஊராகக் கணக்கெடுப்பது அங்கே வழக்கம். நடு ஊர்க்காரர்கள் அப்படி எடைபோட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "கோடியில இருக்கறவங்க பறக்குற வேகத்துக்கு, அவங்களப் பிடிச்சு வைக்க நம்ம பாரம் பத்தாது. வெளி இருட்டுல போய் விழப்போறாங்க."

அதைக் கேட்டதிலிருந்து வெயிலுமுத்துவுக்கு ஒரே நடுக்கம்.

"அக்கா, நான் வேகத்தை விட்டுட்டு நடு ஊருக்குள்ள விழுந்துடறேன்."

"நடுவுல கருங்குழி கெடக்குடா! முழுங்கிடும்."

"அநாதையா அலையறதுக்கு அதுவே மேல்."

வெளியே விழாமல் தங்களை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது என்று செம்பாயிக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். நிச்சயமாகத் தெரியாது. வெளி இருட்டுக்குள் போய்த் திரும்பிக் காட்டலாம் என்றால், அவள் மங்கிப்போயிருந்தாள். தூரத்தில் அவன் கண்ணுக்குத் தெரியமாட்டாள். சாகும்வரை வாயுச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொள்வதுதான் அந்த ஊர் மரியாதை. உதறினால் அது பற்றிக்கொண்டு தூரத்துக்கும் தெரியும்; ஆனால் மறுபடி போர்த்த முடியாது, கங்கு மட்டும்தான் மிஞ்சும்.

"நான் முதல்ல போறேன். நான் திரும்பலைன்னா உன் இஷ்டம்" என்று சொல்லி, சேலையை உதறிவிட்டாள். கங்கின் சூட்டில் அது பச்சையாகப் பற்றிக்கொண்டது.

விலகிப் போகும் வெளிச்சம் சிவப்புப் பக்கம் சாயும், நெருங்கி வருவது நீலப் பக்கம் சாயும். அது எல்லா நட்சத்திரத்துக்கும் தெரிந்த சங்கதி.

"சிவப்புச் சாயல்தான்க்கா!" தம்பியின் குரல் பின்னால் தேய்ந்தது. முன்னால் ஒரு விளக்கும் இல்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. வீம்புக்குக் கிளம்பி அவனையும் கொன்றுவிட்டேனோ என்று பதறினாள்.

"இன்னும் சிவப்புதான்... நான் நடுவுல விழப்போறேன்!"

"பொறுடா, பொறு!"

அப்போது ஏதோ ஒன்று அவளை ஊர்ப்பக்கமாக இழுத்தது. அதற்கு வெளிச்சமும் இல்லை, முகமும் இல்லை. பிடி மட்டும் உறுதியாக இருந்தது. யாரும் கணக்கில் எடுக்காத இருட்டுக்கும் எடை இருந்தது.

"நீலம்! அக்கா, நீலம்! திரும்பிட்டே!"

பச்சை கரைந்துகொண்டிருந்தது. வெயிலுமுத்து விழவில்லை.

அன்று தொட்டுத்தான் கிழட்டு நட்சத்திரங்கள் போகிற போக்கில் சேலையை உதறிப் பச்சையாய் ஒளிர்ந்துவிட்டுப் போகின்றன; தூரத்து ஊர்களில் இருட்டின் எடை எவ்வளவு என்று அறிய நினைப்பவர்களும் கோடியில் தெரியும் அந்தப் பச்சைப் புள்ளிகளைத்தான் தேடுகிறார்கள்.