மதகு திறக்கும் முன்

“ஒரே ஒரு சொல், அம்மை. மூன்று வருடமாக ஒரே ஒரு சொல்லில் எல்லாம் நிற்கிறது” என்றார் நன்னாகன்.

பூதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“என்ன சொல்?”

“அவர்கள் ‘மன்னிப்பு’ என்று எழுதச் சொல்கிறார்கள். எங்கள் அவை ‘வருத்தம்’ என்பதற்கு மேல் ஓர் எழுத்துகூட ஏற மாட்டேன் என்கிறது.”

நன்னாகன் பொறைநாட்டின் தூதர். மலைமேல் இருந்த சின்ன நாடு அது. அடிவாரத்திலிருந்து கடல்வரைக்கும் கிடந்தது கானல்நாடு. அதுவும் சின்னதுதான். மேலே ஒருவன் தும்மினால் கீழே ஒருவன் ‘நூறு’ என்பான் என்று இரண்டு பக்கமும் கேலி பேசுவார்கள்.

நடுவே இருந்த கணவாயில் பூதி குடியிருந்தாள். அவள் வீட்டு முற்றம்தான் இரண்டு நாட்டுக்கும் பாதை. அவளிடம் புத்தி கேட்க இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

நன்னாகனுக்கு அறுபத்தொரு வயது. அவளுக்கு நாற்பத்துநான்கு. அவர் அவளை அம்மை என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். யார் குரு, யார் சீடர் என்பதில் இருவருக்கும் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

“முதலிலிருந்து சொல்லுங்கள் அண்ணா.”

“உனக்குத் தெரியாததா? மூன்று வருடம் முன்பு எங்கள் ஏரி நிரம்பியது. மதகைத் திறக்காவிட்டால் கரை உடைந்திருக்கும். திறந்தோம். தண்ணீர் கீழே போய்த் தாழங்குப்பத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. பதினெட்டுக் குடிசை. இரண்டு உயிர்.”

“அவர்களுக்குச் சொல்லிவிட்டா திறந்தீர்கள்?”

“அந்த வழக்கம் இல்லை.”

“ம்.”

“இப்போது அந்த வழக்கத்துக்குத்தான் உடன்படிக்கை போடப் பார்க்கிறோம். முதல் வரியிலேயே மன்னிப்பா வருத்தமா என்று முட்டிக்கொண்டு நிற்கிறது. எதிரே திரையன் உட்கார்ந்திருக்கிறார். கானல்நாட்டுத் தூதர். நல்ல மனிதர்தான். ஆனால் கல். நானும் கல். ஒன்பது வருடமாக நேருக்கு நேர் உட்காருகிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் இருந்தால் கொடு, அம்மை. கையோடு கொண்டுபோகிறேன்.”

பூதி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு மூட்டை இருந்தது.

“மிளகு” என்றாள். “தாழங்குப்பத்தில் குவளை என்று ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் சேர்த்துவிட்டு வாருங்கள்.”

“நானா?”

“தூதர்தானே? கொண்டுபோய்க் கொடுங்கள்.”

நன்னாகன் மூட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் மறுபடியும் கீரைக்குப் போய்விட்டாள்.

அவர் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

*

மூன்று வருடமாகத் தாழங்குப்பத்தைப் பற்றியே பேசிவந்தவர், அந்த ஊரை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார்.

குடிசைகள் புதிதாகக் கட்டப்பட்டிருந்தன. பழைய இடத்திலேயே. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மீன்காரர்களுக்கு வேறு இடம் ஏது?

குவளை வலை தைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும்.

“மலைக்காரரா?” என்றாள்.

“எப்படித் தெரியும்?” என்று கேட்டு, பூதி கொடுத்த மிளகு மூட்டையை அவள் முன்னால் இறக்கிவைத்தார்.

“மணல்ல காலை ஊனி ஊனி நடக்கிறீங்களே. உக்காருங்க. கஞ்சி குடிச்சிட்டுப் போகலாம்.”

நன்னாகன் மீன் தொடாதவர். அவள் கஞ்சியோடு சுட்ட கருவாடும் வைத்தாள். அவர் இரண்டையும் சாப்பிட்டார். தான் யார் என்பதை மறைத்துக்கொண்டு ஒருத்தி வீட்டில் சாப்பிடுவது அவருக்குச் சரியாகப் படவில்லை. கையைக் கழுவியதும் சொல்லிவிட்டார்.

“நான் பொறைநாட்டுத் தூதன்.”

“அப்படின்னா?”

“இரண்டு நாட்டுக்கும் நடுவில் பேசுகிறவன்.”

“ஓ” என்றாள் குவளை. “எங்ககிட்ட யாரும் பேசலையே.”

அதில் கோபம் இல்லை.

நன்னாகன் கேட்டார். “இந்த ஊரில் போன இரண்டு பேரில்...”

“ஒருத்தர் என் வீட்டுக்காரர்.”

ஊசி வலைக்குள் போய் வந்தது.

“அம்மா, உங்களிடம் நேராகவே கேட்டுவிடுகிறேன். எங்கள் அவை உங்களிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டுமா, மன்னிப்புக் கேட்க வேண்டுமா?”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

அந்த வித்தியாசத்தைப் பற்றி நன்னாகன் நாற்பது ஏடு எழுதியிருந்தார். அதில் ஒரு வரிகூட அப்போது வாயில் வரவில்லை.

குவளை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“ஒரு சத்தம் போட்டிருக்கலாம். மேலேருந்து ஒரு ஆள் வந்து ‘தண்ணி வருது’ன்னு ஒரு சத்தம். அவர் படகை இழுத்துக் கட்டப் போயிருக்க மாட்டார்.”

பிறகு, “இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊத்தவா?” என்றாள்.

*

கணவாய்க்குத் திரும்பினார்.

“என்ன சொன்னாள்?” என்று கேட்டாள் பூதி.

“கஞ்சி ஊற்றினாள்.”

அவர் சொல் எதுவும் கேட்காமல் மலையேறிவிட்டார்.

*

கார்த்திகை பிறந்தது. பிடித்த மழை விடவில்லை. எட்டாம் நாள் காலையில் ஏரிக் காவலர் அவைக்கு ஓடி வந்தார். சாயங்காலத்துக்குள் மதகைத் திறந்தாக வேண்டும், இல்லையென்றால் கரை நிற்காது என்றார்.

“திறவுங்கள்” என்றார்கள் அவையோர்.

நன்னாகன் எழுந்தார். “கீழே சொல்லி அனுப்ப வேண்டும்.”

அவைத் தலைவர் கெட்டவர் அல்ல. கணக்குப் பார்த்து நடப்பவர். அவர் சொன்னார்: “தூதரே, இந்தத் தடவை சொன்னால், போன தடவை சொல்லாதது நம் தப்பு என்று ஆகிவிடும். மூன்று வருடமாக நீங்கள் கட்டிய வழக்கு ஒரே நாளில் விழுந்துவிடும்.”

“ஆமாம், விழுந்துவிடும்.”

“உடன்படிக்கை கையெழுத்தாகட்டும். அப்புறம் சொல்லி அனுப்புவோம்.”

“தண்ணீர் நாளைக் காலை தாழங்குப்பத்தில் இருக்கும், தலைவரே.”

மழைதான் கூரைமேல் பேசிக்கொண்டிருந்தது.

பொறைநாட்டுத் தூதருக்கு அடையாளம் ஒரு பச்சைச் சால்வை. நன்னாகன் அதைத் தோளிலிருந்து எடுத்தார். நான்காய் மடித்தார். அவைத் தலைவர் முன்னால் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

வாசலில் ஏரிக் காவலருடைய குதிரை நின்றது. காவலர் பின்னாலேயே வந்து கடிவாளத்தை அவர் கையில் கொடுத்தார்.

*

கணவாயில் அவர் இறங்கவில்லை. முற்றத்தின் வழியாகக் குதிரை போகும்போது பூதி கதவோரம் நின்றாள்.

ஆற்றோரம் வழியில் ஐந்து ஊர்கள். ஒவ்வொன்றிலும் கத்தினார்.

“தண்ணி வருது. மேட்டுக்குப் போங்க. தண்ணி வருது.”

ஒன்பது வருடமாக அவையில் பாதிக் குரலில் பேசியே பழகிய தொண்டை. மூன்றாவது ஊரில் கம்மியது. ஐந்தாவது ஊரில் காற்றுதான் வந்தது. தாழங்குப்பத்துக்கு வந்து சேர்ந்தபோது மாலை ஆகியிருந்தது. குதிரையைவிட்டு இறங்கினால் குரலே இல்லை.

குவளை அவரைப் பார்த்தாள். நனைந்த மனிதர், வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. கையால் மலையைக் காட்டினார். ஆற்றைக் காட்டினார்.

அவள் திரும்பி ஊரைப் பார்த்துச் சத்தம் போட்டாள். கடலுக்குமேல் கேட்கிற சத்தம். அவருக்கும் சேர்த்து அவளே போட்டாள்.

இருட்டுவதற்குள் ஆடு, கோழி, வலை, குழந்தைகள் எல்லாம் மணல்மேட்டில் ஏறிவிட்டன. செய்தி கேட்டுத் துறைமுகத்திலிருந்து திரையன் ஆட்களோடும் படகுகளோடும் வந்து சேர்ந்தார். கடைசி வீட்டு நோயாளியைக் கட்டிலோடு தூக்கிப் போனபோது, ஒரு காலைத் திரையனும் மறு காலை நன்னாகனும் பிடித்திருந்தார்கள்.

மேட்டில் ஒரு படகைக் கவிழ்த்து அதன் அடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். இந்த முறை அருகருகே.

“சாப்பிட்டீர்களா?” என்றார் திரையன்.

நன்னாகன் தலையாட்டினார், இல்லை என்று.

திரையன் தன் இடுப்பிலிருந்த அவல் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தார். இருவரும் தின்றார்கள். பிறகு அவர் தூதராகக் கேட்டார். கேட்டாக வேண்டும், அவருடைய அவைக்கு அவர் எழுத வேண்டும்.

“யார் அனுப்பி வந்தீர்கள்?”

நன்னாகன் மழையைப் பார்த்தார். இந்த ஒரு பதிலில் இரண்டு நாடும் நண்பர்களாகவும் ஆகலாம், பகையாகவும் ஆகலாம் என்று அவருக்குத் தெரிந்தது. தொண்டையைச் செருமினார். உடைந்த குரல் கொஞ்சம் வந்தது.

“எங்கள் அவை.”

திரையன் அவருடைய தோளைப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் அந்தத் தோளைச் சால்வை இல்லாமல் அவர் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு தன் மேல்துண்டை எடுத்துப் பிழிந்து, உதறி, அவர் தோளில் போட்டார்.

“அப்படியே எழுதிக்கொள்கிறேன்” என்றார்.

மறுநாள் காலை வெள்ளம் வந்தது. பதினெட்டுக் குடிசைகளும் போயின. மேட்டிலிருந்து தலைகளை எண்ணினார்கள். ஒன்றும் குறையவில்லை.

*

பத்து நாள் கழித்துக் கானல்நாட்டு ஆட்கள் மலையேறினார்கள். உப்பு, கருவாடு, ஒரு கூடை வலம்புரிச் சங்கு. முன்னால் திரையன். பின்னால் குவளையும் தாழங்குப்பத்து ஜனங்களும்.

பொறைநாட்டு அவை வாசலில் நின்று திரையன் ஓலையைப் படித்தார். தக்க நேரத்தில் சொல்லி அனுப்பி ஆறு ஊர் உயிரைக் காத்த பொறைநாட்டு அவைக்குக் கானல்நாடு நன்றி சொல்கிறது என்று அதில் இருந்தது.

அவையோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாங்கள் அனுப்பவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

குவளை அவைத் தலைவரிடம் போனாள். அவர் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவைத் தலைவர் வெகுநேரம் அந்தக் கைகளை எடுக்கவில்லை. எடுத்தபோது அவர் குரல் சரியாக இல்லை. “அடுத்த மழைக்கும் சொல்லி அனுப்புவோம்” என்றார்.

திரையன் அந்த வரியை அங்கேயே எழுதிக்கொண்டார். அவைத் தலைவரும் அவரும் கையெழுத்துப் போட்டார்கள். உடன்படிக்கை அவ்வளவுதான். ஒரு வரி.

*

மார்கழியில் நன்னாகன் கணவாய்க்கு வந்தார். மழை இன்னும் முழுதாக விட்டபாடில்லை. கக்கத்தில் சால்வை மடித்தபடியே இருந்தது. முற்றத்தின் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“குரல் இன்னும் சரியாகவில்லையே அண்ணா” என்றாள் பூதி. சுக்குநீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“குரல் கிடக்கட்டும். இதைப் பார்.” சால்வையை மடியில் வைத்தார். “அவை திருப்பி அனுப்பியிருக்கிறது. கூட ஒரு சொல் இல்லை. போட்டுக்கொள் என்று அர்த்தம்.”

“போட்டுக்கொள்ள வேண்டியதுதானே?”

“எப்படிப் போடுவேன்? நான் பொய் சொன்னேன், அம்மை. அவை அனுப்பியது என்றேன். அவை அனுப்பவில்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே பொய். அதன்மேல்தான் இப்போது இரண்டு நாடும் உட்கார்ந்திருக்கின்றன. திரையனுக்குத் தெரியும். தெரிந்தே எழுதிக்கொண்டார். எங்கள் தலைவருக்கும் தெரியும். எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.”

பூதி மலைப்பக்கம் காது கொடுத்து நின்றாள்.

குளம்புச் சத்தம் கேட்டது. மேலே வளைவில் ஒரு குதிரை திரும்பியது. அதன்மேல் பொறைநாட்டு அவையின் ஆள், நனைந்தபடி. கணவாயை நெருங்குவதற்கு முன்பே அவன் கத்தத் தொடங்கிவிட்டான்.

“ஏரி நிரம்பிடுச்சு. நாளைக்கு மதகு திறக்கிறாங்க. தண்ணி வருது.”

பூதி குனிந்து, நன்னாகனின் கையிலிருந்த சுக்குநீரைச் சிந்தாமல் வாங்கிக்கொண்டாள்.

“உங்கள் பொய் வருகிறது அண்ணா” என்றாள். “கொஞ்சம் நகர்ந்து வழிவிடுங்கள்.”