கோச் வெளியே போன ஆட்டம்

"எதைச் சாதிச்சேன்னு எனக்குச் சால்வை போடுறாங்க, கோச்?"

வேதவல்லி இப்படிக் கேட்டபோது இறுதி ஆட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. செங்குளம் கூடைப்பந்து மைதானத்தில் கேலரி அதற்குள் நிரம்பிவிட்டது. யாரோ மைக்கைத் தட்டித் தட்டி "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டது குலசேகரனிடம். வேதவல்லிக்குப் பந்து தட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இன்று வேதவல்லியே ஊர்ப் பெண்கள் அணிக்குக் கோச், தலையில் பாதி நரை. ஆனாலும் குலசேகரன் எதிரே நின்றால் கை தானாகப் பின்னால் கட்டிக்கொள்ளும்.

அன்று மாலை இரண்டு பேருக்கும் பாராட்டு. ஆட்டம் முடிந்ததும் மேடையில் 'சாதனைப் பயிற்சியாளர்கள்' என்று பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். குலசேகரன் படத்தில் வயதைக் குறைத்திருந்தார்கள். வேதவல்லி படத்தில் கூட்டியிருந்தார்கள்.

"ஏன், போட்டா என்னவாம்?" என்றார் குலசேகரன்.

"உங்களுக்குப் போடலாம். நீங்க வாங்காத கப்பு ஏது? நான் இந்தக் கப்பைத் தொட்டதுகூட இல்லை. இப்பத்தான் முதல் தடவையா ஃபைனலுக்கே வந்திருக்கோம்."

"சரி."

"இன்னிக்கு ஜெயிச்சா மேடை ஏறுறேன். தோத்தா ஏற மாட்டேன். கோச் வேலையையும் இதோட விட்டுடுறேன். கமிட்டிக்கிட்ட சொல்லிட்டேன்."

சும்மா சொல்லவில்லை. கமிட்டிச் செயலாளர் இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் பேனரை என்ன செய்வது என்று கவலைப்பட்டாராம்.

குலசேகரன் வேறொன்று கேட்டார்.

"மேட்ச்ல நீ எங்கே இருப்பே?"

"இதென்ன கேள்வி? பெஞ்ச்லதான்."

"உட்கார்ந்தா?"

ஆட்டம் நடக்கும்போது வேதவல்லி உட்கார்ந்து பார்த்தவர்கள் ஊரிலேயே கிடையாது. அவருக்குப் போட்ட நாற்காலியில் எப்போதும் தண்ணீர் பாட்டில்தான் சொகுசாக உட்கார்ந்திருக்கும்.

"நான் ஒண்ணு கேட்டா நீங்க ஒண்ணு கேக்குறீங்க!"

விறுவிறுவென்று போய்விட்டார்.

ஆட்டம் தொடங்கியது. அடேயப்பா, என்ன ஆட்டம்!

எதிரணி திருக்காட்டூர். அந்தப் பெண்கள் ஆளுக்கொரு சாண் உயரம் கூடுதல். செங்குளத்துப் பெண்களுக்கு உயரம் இல்லை, ஓட்டம் உண்டு. இவர்கள் ஒன்று போட்டால் அவர்கள் ஒன்று போட்டார்கள். கேலரியில் தகரத் தடுப்பைத் தட்டித் தட்டியே நெளித்துவிட்டார்கள்.

வேதவல்லி கோட்டோரம் அங்கும் இங்கும் நடந்தார்.

"நஸ்ரின், லெஃப்ட்ல போ! லெஃப்ட்னேன்! இப்ப பாஸ்! ஏய் அபி, நீ போடாதே! நஸ்ரின்கிட்ட குடு!"

நஸ்ரின் அணித் தலைவி. நம்பிக்கையான கை. அபிராமி கதை வேறு. பயிற்சியில் அவள் போட்டதெல்லாம் விழும். ஆட்டத்தில் எதுவும் விழாது.

அபிராமி என்றில்லை, எல்லாப் பெண்களிடமும் ஒரு வழக்கம் இருந்தது. பந்து கைக்கு வந்ததும் திரும்பிக் கோச் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகுதான் வளையத்தைப் பார்ப்பார்கள். அதற்குள் எதிரணிக் கை குறுக்கே வந்துவிடும்.

இது கேலரி முழுக்கத் தெரிந்தது. வேதவல்லிக்கு மட்டும் தெரியவில்லை. அவர் கத்திக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்குப் பிறகு நடுவரிடம் போய், "சார், கண்ணாடி வேணும்னா என்னுதைத் தரட்டுமா?" என்றார்.

நடுவர் விசில் ஊதினார். ஒரு கையைப் படுக்கவைத்து இன்னொரு கையை அதன் கீழே நிறுத்திக் காட்டினார். டெக்னிக்கல் ஃபவுல். இதே மாதிரி இன்னொன்று வாங்கினால் கோச் வெளியே போக வேண்டியதுதான். ஆட்ட விதி அப்படி.

கடைசிக் கால்பகுதியும் முடியப் போகிறது. இரண்டு அணியும் சமம்.

திருக்காட்டூர்ப் பெண் ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டு கோட்டோரமாகப் பாய்ந்து வந்தாள். அவளை மறிக்க ஆள் இல்லை. வேதவல்லியின் முழங்கால் தானாக மடங்கியது. இரண்டு கைகளும் விரிந்தன. கால் பக்கவாட்டில் நகர்ந்தது. அவருக்கே தெரியாமல் கோட்டைத் தாண்டி உள்ளே போய், வந்தவளை மறித்தே விட்டார்!

அந்தப் பெண் அவர் மேல் மோதி, பயந்து, "சாரி ஆன்ட்டி" என்றாள்.

பிரமாதமான தடுப்பு. ஆனால் கோச் ஆடக் கூடாது.

விசில். இரண்டாவது டெக்னிக்கல் ஃபவுல். கேலரி ஒரு கணம் திகைத்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"வெளியே போங்க, மேடம்."

"தெரியாம கால் போயிருச்சு சார்."

"கையுமா?"

வேதவல்லிக்கு உதவிக் கோச் கிடையாது. வந்த யாரையும் அவருக்குப் பிடிக்கவில்லை. அப்படி ஆள் இல்லாவிட்டால் அணித் தலைவிதான் கோச் வேலையையும் பார்க்க வேண்டும். நஸ்ரினின் முகம் வெளிறிப்போனது.

எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. விழுந்தது. செங்குளம் ஒரு பாயிண்ட் பின்னால்.

போகிற வழியெல்லாம் வேதவல்லி திரும்பித் திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டே போனார். கேட்டைச் சாத்தினார்கள்.

வெளியே, மைதானச் சுவரை ஒட்டி ஒரு டீக்கடை. அங்கே பெஞ்சில் குலசேகரன் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

வேதவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கோச்! நீங்க உள்ளே வி.ஐ.பி. சோபாவுலல்ல இருக்கணும்?"

"இருந்தேன். கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு வந்துட்டேன். அங்கே இருந்தா நானும் கத்திடுவேன். ஒரு டீமுக்கு ரெண்டு கோச் எதுக்கு?"

"இப்ப ஒரு கோச்சும் இல்லையே!"

"தெரியும். மைக்ல சொன்னாங்க."

டீக்கடைக்காரர் சிரிப்பை மறைக்கத் திரும்பி நின்று டீ ஆற்றினார்.

"உட்காரு."

வேதவல்லி உட்கார்ந்தார். உள்ளே விசில் கேட்டது. எழுந்துவிட்டார்.

சுவருக்கு மேலே கூடை மாட்டிய பலகையின் விளிம்பு மட்டும் தெரிந்தது. மற்றதெல்லாம் சத்தம்தான். ஆனால் இரண்டு பேருக்கும் அந்தச் சத்தமே போதும்.

"பந்து நஸ்ரின்கிட்ட இருக்கு," என்றார் வேதவல்லி.

"எப்படிச் சொல்றே?"

"அவ தட்டுற தட்டு எனக்குத் தெரியாதா? ஐயோ, ரைட்ல நம்ம ஆள் இருப்பா. நஸ்ரின்! ரைட்ல பாஸ்! ரைட்..."

குலசேகரன் தட்டிலிருந்து ஒரு வாழைக்காய் பஜ்ஜியை எடுத்து, திறந்திருந்த அந்த வாயில் வைத்தார்.

சுடச்சுட பஜ்ஜி. வேதவல்லிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துப்பவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. உள்ளே கேலரி 'ஹோ'வென்று எழுந்தது.

"நஸ்ரின்! இடது பக்கம் புகுந்து தானே போட்டுவிட்டார்! செங்குளம் ஒரு பாயிண்ட் முன்னிலை!" என்று மைக் அலறியது.

வேதவல்லி பஜ்ஜியை விழுங்கினார்.

"நீ எந்தப் பக்கம் சொன்னே?" என்றார் குலசேகரன்.

"டீ சொல்லுங்க," என்றார் வேதவல்லி.

டீ வருவதற்குள் திருக்காட்டூர் ஒரு கூடை போட்டுவிட்டது. மறுபடி ஒரு பாயிண்ட் பின்னால். இன்னும் சில நொடிகளே பாக்கி. நஸ்ரின் டைம் அவுட் கேட்டாள்.

செங்குளத்து அணியின் பெஞ்ச் சுவருக்கு நேர் அந்தப் பக்கம். பெண்கள் மூச்சு வாங்குவதுகூட இங்கே கேட்டது.

"அக்கா, கோச் இருந்தா என்ன சொல்வாங்க?" யாரோ அழுகிற குரலில் கேட்டாள்.

"பந்தை என்கிட்ட குடுக்கச் சொல்வாங்க," இது நஸ்ரின். "அது கேலரிக்கே தெரியும். திருக்காட்டூருக்குத் தெரியாதா? கூட்டமா என் மேலதான் வந்து விழுவாங்க. அபி, நீ போடுறே."

"நானா? நான் போட்டா விழாதுக்கா!"

"பிராக்டிஸ்ல விழுதுல்ல?"

"அது பிராக்டிஸ்."

"என்னடி வித்தியாசம்? அதே பந்து, அதே ரிங். மேட்ச்ல நீ கோச்சைப் பார்த்துட்டுப் போடுறே, அவ்வளவுதான். இப்ப பார்க்கிறதுக்கு அங்கே ஆள் இல்லை. ரிங்கை மட்டும் பாரு."

சுவருக்கு இந்தப் பக்கம் வேதவல்லி அசையாமல் நின்றார்.

கத்தலாம். கத்தினால் கேட்கும். 'அபிக்கு வேண்டாம், அவ பயந்துடுவா' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தட்டில் பஜ்ஜியும் தீர்ந்துவிட்டது. குலசேகரன் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தார்.

வேதவல்லி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு டீக்கடைப் பெஞ்சின் மேல் ஏறினார். இப்போது வளையமும் மைதானமும் தெரிந்தன. அந்த வயதில் குலசேகரனும் பக்கத்தில் ஏறி நின்றார். டீக்கடைக்காரர், "பெஞ்சு தாங்காது சார்," என்று சொல்லிக்கொண்டே தானும் ஏறினார்.

பந்து உள்ளே வந்தது. நஸ்ரின் வாங்கினாள். அவள் சொன்ன மாதிரியே எதிரணிப் பெண்கள் மொத்தமாக அவள் மேல் பாய்ந்தார்கள். நஸ்ரின் எம்பினாள், போடுவது போல் கையைத் தூக்கினாள், கீழே ஒரு பாஸ்.

அபிராமி மூலையில் தனியாக நின்றிருந்தாள். பந்து கைக்கு வந்தது. அவள் கோட்டோரம் திரும்பவில்லை. நேராக வளையத்தைப் பார்த்தாள். போட்டாள்.

பந்து வளையத்தில் பட்டு மேலே எழும்பியது.

"ரீபவுண்டு! உள்ளே ஓடு! உள்ளே..."

கத்தியது குலசேகரன்! இத்தனை நேரம் பஜ்ஜி தின்ற பெரிய மனிதர், கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

வேதவல்லி சட்டென்று திரும்பி அவர் வாயைப் பொத்தினார். தன் ஆசானின் வாயை, உள்ளங்கையால், இறுக்கமாக.

"சும்மா இருங்க கோச்! அவங்களுக்குத் தெரியும்!"

பந்து மேலேயே கொஞ்சம் யோசித்தது. பிறகு வலையில் விழுந்தது.

ஆட்டம் முடிந்த ஹாரன்!

இதை எழுதும்போதும் எனக்குப் புல்லரிக்கிறது. கேலரி மொத்தமும் மைதானத்துக்குள் குதித்தது. டீக்கடைப் பெஞ்சில் மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். கிளாஸ் உடைந்தது. உடைந்தது தன் கிளாஸ் என்பதே டீக்கடைக்காரருக்கு நினைவில்லை. "அபி! அபி!" என்று சுவருக்கு அந்தப் பக்கம் ஊரே கத்தியது.

மைக் பிடித்திருந்தவருக்குக் குரல் போய்விட்டிருந்தது. இருக்கிற குரலில் அறிவித்தார்.

"கோப்பை செங்குளத்துக்கு! சாதனைப் பயிற்சியாளர்கள் திரு. குலசேகரன், திருமதி வேதவல்லி எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்!"

குலசேகரன் மெதுவாக இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வா, கூப்பிடுறாங்க."

வேதவல்லி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். அழவும் செய்தார்.

"நீங்க போங்க கோச். நான் வரலை."

"ஜெயிச்சா ஏறுவேன்னு சொன்னியே?"

"நான் எங்கே ஜெயிச்சேன்? கடைசியில நான் உள்ளேயே இல்லை. ரைட்னேன், அவ லெஃப்ட்ல போனா. அபியைப் போடாதேன்னு ஆட்டம் பூரா சொன்னேன், அபிதான் போட்டா. நான் சொன்னது எதையும் செய்யலை. அவங்களே யோசிச்சாங்க, அவங்களே ஜெயிச்சாங்க. அப்புறம் நான் எதைச் சொல்லி அந்தச் சால்வையை வாங்குறது?"

குலசேகரன் கேட்டைத் தள்ளித் திறந்தார்.

"இதைச் சொல்லித்தான்."