பதினாறு மின்மினி, எட்டுக் கால்

பூச்சிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மின்மினி விட்டுவிட்டு எரியாது. இரண்டு காலைப் பிடித்து இழுத்தால் எரியும். விட்டால் அணைந்து தூங்கிப்போகும்.

வாய்க்கால் ஓரத்துப் புங்கமரத்தில் நூலாயி என்று ஒரு சிலந்தி இருந்தாள். அவள் பிள்ளைகள் நூல் விட்டுக் காற்றில் ஏறி அக்கரைக்கு விளையாடப் போவார்கள். பொழுது சாய்ந்தால் வீடு எங்கே என்று தெரியாது. அக்கரையில் ஒரு மாடவிளக்கு எரியும். அதன் பக்கத்தில் பல்லி காத்திருக்கும்.

"வெறும் வெளிச்சத்தைப் பார்த்துப் போகாதீங்க. கட்டமா விளக்கெரிஞ்சு நடுவுல இருட்டா இருந்தா வாங்க. நடுவுல மட்டும் எரிஞ்சா நம்ம மரத்துல ஓணான் இருக்குன்னு அர்த்தம், வராதீங்க" என்று நூலாயி சொல்லி அனுப்பினாள்.

கட்டத்துக்குப் பன்னிரண்டு மின்மினி, நடுவுக்கு நாலு. கூப்பிட்டதும் வந்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவன் மினுக்கன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"நூலாயக்கா, உனக்குக் கால் எட்டு. நாங்க பதினாறு பேரு. மிச்சப் பேரைப் பல்லால இழுப்பியா?"

அவள் நெடுக்கே நாலு இழை, குறுக்கே நாலு இழை கட்டினாள். இழைகள் சேரும் இடத்தில் ஆளுக்கொரு மின்மினி. ஒரு காலை நெடுக்கு இழையிலும் இன்னொரு காலைக் குறுக்கு இழையிலும் முடிந்தாள். இரண்டும் இழுபட்டால்தான் அவன் விழிப்பான். ஒன்று மட்டும் இழுபட்டால் முனகிவிட்டுப் புரண்டு படுப்பான். எட்டு இழைக்கு எட்டுக் கால் சரியாகப் போயிற்று.

இருட்டியது. ஓணான் இல்லை. பிள்ளைகளைக் கூப்பிட நூலாயி எட்டு இழையையும் ஒன்றாக இழுத்தாள். பதினாறு பேரும் எரிந்தார்கள், நடுவில் இருந்தவர்களும் சேர்ந்து.

காற்று இந்தப் பக்கம் அடித்ததால் அக்கரைப் பேச்சு அவளுக்குக் கேட்டது.

"வான்னு சொல்லுது."

"வராதேன்னும் சொல்லுதே. அம்மாவுக்கே தெரியல போல." அது கடைக்குட்டி பொடிச்சி. "நான் அந்த விளக்குப் பக்கம் நடந்து போய்ப் பார்க்குறேன்."

நூலாயி கத்திப் பார்த்தாள். காற்றுக்கு எதிரே குரல் போகவில்லை. நடுவை அணைக்க நடு நெடுக்கு இழைகள் இரண்டையும் விட்டாள். மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் ஓட்டை விழுந்தது. கட்டம் உடைந்துபோயிற்று.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதல் குறுக்கு இழையை மட்டும் பிடித்தாள். அதோடு நெடுக்கு நாலையும் இழுத்தாள். மேல் வரிசை எரிந்தது. விட்டாள். இரண்டாவது இழையோடு ஓரத்து நெடுக்கு இரண்டை மட்டும் இழுத்தாள். விட்டாள். மூன்றாவதுக்கும் அப்படியே. கடைசிக்கு மறுபடி நாலும். திரும்ப மேலிருந்து.

"வெளிச்சம் இறங்கி இறங்கி ஓடுது, கட்டமா இல்லையே" என்றது அக்கரைக் குரல்.

அவள் வேகத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். ஒரு வரிசை கண்ணை விட்டு மறையுமுன் அடுத்தது எரிந்தது. எந்நேரமும் ஒரு வரிசைதான் எரிந்தது. ஆனாலும் இருட்டில் முழுக் கட்டம் நின்றது, நடுவில் கருப்பாக. பிள்ளைகள் நூல் விட்டுப் பறந்து வந்தார்கள்.

"தூங்கவும் விடமாட்டேங்குற, முழிச்சிருக்கவும் விடமாட்டேங்குற" என்றான் மினுக்கன்.

"பொடிச்சி வரட்டும்டா."

அக்கரை விளக்கு எண்ணெய் தீர்ந்து அணைந்தது. பொடிச்சி வரவில்லை. விடியும்வரை நூலாயி கால்களை நிறுத்தவில்லை.

வெளுத்ததும் மின்மினிகளை அவிழ்த்துவிட்டாள். அவர்கள் உடம்பு அந்த ஆட்டத்தை மறக்கவில்லை. யாரும் இழுக்காமலே எரிந்தார்கள், அணைந்தார்கள். இழைகளை மட்டும் அவள் பிரிக்கவில்லை. நடுவில் போய் உட்கார்ந்து, எட்டுக் காலையும் இழைகளின் மேல் வைத்துக்கொண்டாள்.

ஒரு இழை அசைந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். ஈ. அதன் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். பிறகு நூலால் சுற்றிக் கட்டினாள். பசித்திருந்தாள்.

மின்மினி இன்றும் நிலையாக எரியாமல் விட்டுவிட்டு எரிவதும், இழை கொஞ்சம் ஆடினாலே சிலந்தி நடுவிலிருந்து ஓடிவந்து யாரென்று பார்ப்பதும் அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான்.