ஷோபிகா கேட்ட லேஸ்

மலையூர் ஒன்றில் அமலி என்று ஒரு பின்னல் ஆசிரியை இருந்தாள். வயது முப்பதைத் தொடவில்லை. அவளிடம் கற்க வந்த பெண்களில் பாதிப் பேருக்கு அவள் வயதில் மகள்கள் இருந்தார்கள். ஆனாலும் எல்லாருக்கும் அவள் டீச்சர்தான். இரண்டு ஊசியும் ஒரு நூற்கண்டும் அவள் கைக்குப் போய்விட்டால், வாயாடிகள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

கேள்வி கேட்டால் அமலி சட்டென்று பதில் சொல்ல மாட்டாள். ஊசியை எடுத்துப் பின்னிக் காட்டுவாள். புரிந்தால் புரிந்தது. புரியாதவர்கள் மறுநாளும் வருவார்கள்.

அப்படி விடாமல் வந்தவள் தனபாக்கியம். கடைவீதியில் லேடீஸ் டெய்லர். அவள் தைத்த ஜாக்கெட் ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. தெருவில் போகிற பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தோள் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று சொல்லிவிடுவாள். கடையில் அதை டேப் வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் வெட்டுவாள். கொஞ்சம் கர்வி. ஆனால் கர்வப்பட அவளிடம் சரக்கு இருந்தது.

அப்பேர்ப்பட்டவள் ஐம்பது வயதுக்கு மேல் பின்னல் ஊசி பிடித்தது மகளுக்காக.

மகள் ஷோபிகாவுக்குப் பதின்மூன்று வயதில் முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்தது. வைத்தியம் பார்த்தார்கள். வளைவு அதற்குமேல் போகாமல் நின்றது, ஆனால் நிமிரவில்லை. வலது தோள் சற்று மேலே, இடது தோள் சற்றுக் கீழே. அன்றிலிருந்து தனபாக்கியம் மகளுக்குத் தொளதொளவென்றுதான் தைத்துக் கொடுத்தாள். அந்தப் பெண்ணும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

படிப்பு முடிகிற சமயத்தில் ஷோபிகாவுக்குச் சென்னையில் வேலை உறுதியானது. போய்ச் சேர இன்னும் சில மாதம் இருந்தது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"அம்மா, எனக்கு ஒரு டாப் வேணும். உடம்போட ஒட்டின மாதிரி. லேஸ்ல. மெட்ராஸ் வெயிலுக்குப் போட்டுக்க."

தனபாக்கியத்துக்கு முதலில் பயம்தான் வந்தது. பிடித்துத் தைத்தால் வளைவு தெரியுமே. ஆனால் லேஸ் என்றது ஒரு ஆறுதல். பூவும் இலையுமாக வேலைப்பாடு இருந்தால் பார்க்கிறவர் கண் அதிலேயே நின்றுவிடும், முதுகுக்குப் போகாது. பெண் விவரமாகத்தான் கேட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். வெட்டித் தைத்தால் சரிவராது, பின்னினால் இழுத்த இழுப்புக்கு வரும் என்று கணக்குப் போட்டு அமலியிடம் வந்து சேர்ந்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, மளமளவென்று பிடித்துக்கொண்டாள். லேஸ் என்பதே ஓட்டைதான். ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டை விட வேண்டும். விட்ட ஓட்டைக்கு ஈடாகப் பக்கத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். எங்காவது மறந்தால் இலை கோணிக்கொள்ளும். தனபாக்கியம் எங்கும் மறக்கவில்லை. சந்தன நிறப் பருத்தி நூலில், முதுகின் நடுவே ஒரு கொடி இறங்குகிற மாதிரி, கழுத்திலிருந்து கீழே பின்னி முடித்தாள்.

ஷோபிகா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு கழற்றினாள். அழகாக மடித்து வைத்தாள்.

"நல்லாருக்கும்மா," என்றாள். பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இனி அவள் இப்படி ஒன்றைக் கேட்கவே மாட்டாள் என்று தனபாக்கியத்துக்குத் தெரிந்துவிட்டது. டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு மேடேறி அமலி வீட்டுக்கு வந்தாள்.

"டீச்சர், தப்பு எங்கன்னு பார்த்துச் சொல்லுங்க."

அமலி டாப்பை மேசைமேல் விரித்தாள். நடுவில் மடித்தாள். இடது பாதி வலது பாதிமேல் அப்படியே உட்கார்ந்தது. இலைமேல் இலை, ஓட்டைமேல் ஓட்டை.

"தப்பே இல்லக்கா."

"அப்ப ஏன் என் பொண்ணு கழட்டி வச்சா?"

"யாரு அளவுக்குப் பின்னினீங்க?"

"அவ அளவுக்குத்தான்."

"டேப் வச்சு எடுத்தீங்களா?"

"எனக்கெதுக்கு டேப்பு? ஊரையே அளந்த கண்ணு இது."

தனபாக்கியம் பைக்குள் கைவிட்டு ஒரு துண்டு ஸ்பஞ்சை எடுத்தாள்.

"இடது தோள்ல இத உள்ள வச்சுத் தச்சுட்டா ரெண்டும் சமமாயிடும். என்ன சொல்றீங்க?"

அமலி எழுந்து போய் ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்தாள். டாப்பை எடுத்து அதில் முக்கினாள்.

"டீச்சர், என்ன பண்றீங்க?"

"நாளைக்குக் காலையில பொண்ணக் கூட்டிட்டு வாங்க. வெயில் வந்ததும்."

மறுநாள் தாயும் மகளும் வந்தார்கள். ஹாலில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். அமலி ஈர டாப்பைப் பிழிந்து ஷோபிகாவிடம் கொடுத்தாள். அவள் உள்ளே போய், பனியனுக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு வந்தாள். அமலி அவளை வெயில் விழுகிற சன்னலுக்கு எதிரே, முதுகில் வெளிச்சம் படும்படி நிற்க வைத்தாள்.

ஈரப் பின்னல் உடம்போடு ஒட்டிக்கொண்டது. வலது பக்கம் ஓட்டைகள் கிழிந்துவிடுவது போல் வாய் பிளந்தன. இடது பக்கம் இலைகள் சுருங்கி ஒன்றின்மேல் ஒன்று குவிந்தன. நடுவில் இறங்க வேண்டிய கொடி முதுகெலும்பை விட்டு விலகி எங்கோ போனது. தனபாக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அமலி டேப்பை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"அளவெடுங்கக்கா."

"நீங்களே எடுங்க டீச்சர்."

"டெய்லர் நீங்கதானே."

"அவ கூச்சப்படுவா."

ஷோபிகா திரும்பாமலே பேசினாள்.

"எனக்குக் கூச்சம்னு யார் சொன்னா?"

ஊசிகளின் சத்தம் நின்றுவிட்டது.

"பதிமூணு வயசுக்கப்புறம் அம்மா எனக்கு டேப்பே வச்சதில்ல டீச்சர். ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் வைக்கிறாங்க. எனக்கு மட்டும் தூர நின்னு கண்ணால. அளவெடுக்கவே முடியாத மாதிரி என்னமோ ஆயிட்டேன் போலன்னு நெனச்சுக்குவேன்."

"உனக்கு நோகக் கூடாதுன்னுதான்டி," என்றாள் தனபாக்கியம்.

"தெரியும்மா. ஆனா நொந்துச்சு."

அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தனபாக்கியம் தாங்கியிருப்பாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

தனபாக்கியம் டேப்பை வாங்கினாள். டெய்லர்கள் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் அளப்பார்கள். துணியை இரண்டாக மடித்துப் போட்டு, ஒரே வெட்டில் இரு பக்கத்தையும் எடுத்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் அவளும் இடது தோளிலிருந்து இடுப்புவரை அளந்துவிட்டு டேப்பைச் சுருட்டினாள்.

"இன்னொரு பக்கம்?" என்றாள் அமலி.

தனபாக்கியம் கொஞ்சம் நின்றாள். பிறகு வலது தோளில் டேப்பை வைத்தாள். எலும்பு எழும்பி நின்ற இடத்தில் அவள் விரல் பட்டது. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள் போல அந்த வளைவின்மேல் மெல்லக் கையை இறக்கிக்கொண்டு போனாள். கடையில் செய்வது போலவே அளவுகளை வாய்விட்டுச் சொன்னாள். மறந்துவிடாமல் இருக்க ஷோபிகா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். கடைசி அளவு வரைக்கும் இரண்டு குரலும் கேட்டுக்கொண்டே இருந்தன.

ஷோபிகா டாப்பைக் கழற்றிக் கொடுத்ததும் தனபாக்கியம் அதன் கீழ்விளிம்பில் நூல் முனையைத் தேடிப் பிடித்தாள். இழுத்தாள். வரிசை வரிசையாகப் பிரிந்து வந்தது. பின்னத் தெரிந்தவர்களுக்கு அதைப் பார்க்க மனசு வராது. ஹாலில் இருந்தவர்கள் குனிந்துகொண்டார்கள். இத்தனை நாள் வேலை கொஞ்ச நேரத்தில் ஒரு நூற்கண்டாகிவிட்டது.

நூல் காய்ந்ததும் மறுபடி தொடங்கினாள். தோள் தாண்டியதும் நின்றாள்.

"டீச்சர், வலது பக்கம் நீளம் கூட வேணும். இடது பக்கம் வேணாம். துணின்னா ஒட்டுப் போடுவேன். இதுல என்ன பண்றது?"

அமலி ஊசிகளை வாங்கினாள். வலது ஓரத்தில் தொடங்கி நடுவரைக்கும் பின்னினாள். வரிசையை முடிக்காமல், அங்கேயே திருப்பிக்கொண்டு வந்த வழியே பின்னினாள். இன்னொரு முறையும் அப்படியே போய், நடுவில் திரும்பி வந்தாள். பிறகு முழு வரிசையையும் ஓட்டிவிட்டுத் தனபாக்கியத்திடம் கொடுத்தாள்.

"பாதியில திரும்பின இடம் தெரியாதா?"

"தேடிப் பாருங்க."

தனபாக்கியம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். புரட்டிப் பார்த்தாள். விரலால் தடவினாள். எங்கேயும் தட்டுப்படவில்லை. வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. ஒரே நூல் ஒரு பக்கம் மட்டும் வளர்ந்து, மறு பக்கம் வளராமல் நின்றிருந்தது. காலமெல்லாம் கத்திரி பிடித்த அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில் திரை விலகும்போது பேச்சு வராதே, அப்படி நின்றாள்.

"எந்த எடத்துல திரும்பணும் டீச்சர்? எத்தன தடவ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"என்னைக் கேக்காதீங்க. அவ முதுகக் கேளுங்க."

அன்றிலிருந்து தனபாக்கியம் கொஞ்சம் பின்னுவாள், மகளைக் கூப்பிடுவாள், முதுகில் வைத்துப் பார்ப்பாள். ஓர் இடத்தில் பாதி வரிசை கேட்டது. இன்னோர் இடத்தில் கால் வரிசை போதும் என்றது. இடுப்பருகில் கணக்கு மாறி, இடது பக்கத்துக்குக் கொஞ்சம் கூட வேண்டியிருந்தது. இத்தனை கிட்டத்தில் இருந்த முதுகு இவ்வளவு விஷயம் சொல்லும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. சில நாள் ஷோபிகா தூங்கி விழுந்துகொண்டே நின்றாள். அம்மாவின் கை படும்போது மட்டும் சிரித்துக்கொள்வாள்.

முடிந்த டாப்பையும் ஷோபிகா அமலி வீட்டு ஹாலில்தான் போட்டுப் பார்த்தாள். பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து அவள் பின்னால் நின்றார்கள்.

கொடி நேராக இறங்கவில்லை. முதுகெலும்பு எங்கே வளைந்ததோ அங்கே அதுவும் வளைந்து, அது திரும்பின இடத்தில் தானும் திரும்பி, இடுப்புவரை போயிருந்தது. ஒரு இலைகூடச் சுருங்கவில்லை. ஒரு ஓட்டைகூட வாய் பிளக்கவில்லை. எங்கும் இழுப்பு இல்லை. அவள் மூச்சு விட்டபோது இலைகளும் கூடவே எழுந்து இறங்கின. அந்தக் கொடி அவள் முதுகைப் பார்த்துத்தான் வளையக் கற்றுக்கொண்டதோ என்று தோன்றியது.

அமலி சுவர்க்கண்ணாடிக்கு எதிரே அவளைத் திருப்பி நிறுத்தி, கையில் ஒரு சிறு கண்ணாடி கொடுத்தாள். ஷோபிகா வெகுநேரம் பார்த்தாள்.

"என் முதுகு இப்படியாம்மா இருக்கு?"

"இப்படித்தான் இருக்கு," என்றாள் தனபாக்கியம்.

ஷோபிகா டாப்பைக் கழற்றவில்லை. அப்படியே வெளியே போய் வெயிலில் நின்றாள். மற்றப் பெண்களும் அவள் பின்னாலேயே போனார்கள். உள்ளே தனபாக்கியமும் அமலியும் மட்டும் இருந்தார்கள். அமலி தன் பின்னலை எடுத்துக்கொண்டாள்.

தனபாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனசு நிறைந்திருந்தது. ஆனாலும் பெற்றவள் பயம் அவ்வளவு லேசில் போகுமா? சன்னல் வழியாக மகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"டீச்சர், ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே? அழகுன்னா அப்படியொரு அழகு. ஆனா வளைவு அப்படியே தெரியுது. மெட்ராஸ்ல நாலு பேர் பார்ப்பாங்க. இன்னும் கொஞ்சம் பூ வேலை சேர்த்திருந்தா மறைஞ்சிருக்கும். அதுக்குத்தானே புள்ள என்கிட்ட வாய்விட்டுக் கேட்டுச்சு?"

அமலி பின்னிக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தாள்.

"மறைக்கணும்னா, இத்தன ஓட்டை இருக்கிற லேஸையா அக்கா அவ கேட்டிருப்பா?"